முப்பத்தொரு பாட்டிலும் என்னுடையவை

1

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று பத்து வருஷம் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

கொடைக்கானல் மலையில் இருக்கிற பூண்டியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதுவும் முழுதாக இல்லை. பூண்டு எடுக்கும் மாதத்தில் வாத்தியாரே தோட்டத்துக்குப் போய்விடுவார். பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ஈப்போவில் ஒரு மளிகைக்கடையில் மூட்டை தூக்கினேன். எட்டு வருஷம் கழித்து அந்தக் கடைக்கு எதிரிலேயே, அதைவிட நாலடி அகலமாக, சொந்தக் கடை போட்டேன். மலைக்காட்டான் கடை ஆறு மாதம் தாங்காது என்று பழைய முதலாளி சொன்னார். இப்போது அவர் கடை இருந்த இடத்தில் முடிவெட்டுகிறார்கள். என் கடைக்குக் கிளை இருக்கிறது. மாடிவீடு கட்டி, வாசலில் ‘பூண்டி இல்லம்’ என்று சலவைக்கல்லில் வெட்டினேன். ஊரில் என் தங்கை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் கட்டினேன். பூண்டியிலேயே அதுதான் முதல். பாதி ஊர் வந்து பார்த்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. இரண்டு வருஷம் அதில் விதை உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கிழங்கு நன்றாக முளைத்ததாகக் கேள்வி.

இவையெல்லாம் செங்கல்லும் சிமெண்டும். செங்கல் இல்லாமல் ஒன்று கட்டினேன். அதுதான் பூண்டியில் வருஷா வருஷம் நடக்கிற ஆண்கள் உடல் பரிசோதனை முகாம்.

அதற்கு இந்த வருஷம் பத்தாவது ஆண்டு. மலர் போடுகிறார்களாம். வாழ்த்துரை எழுதி அனுப்பச் சொல்லி, என் தங்கை வீட்டுக்காரர் வேலுச்சாமி நோட்டீஸும் வைத்து அனுப்பியிருக்கிறார். கண்ணாடி போட்டு மூன்று தடவை படித்தேன். டாக்டர் பெயர் இருக்கிறது, நியாயம். பஞ்சாயத்துத் தலைவர் பெயர் இருக்கிறது, சரி. டீ உபயம் செய்தவர், மைக் செட்டு போட்டவர், பந்தல்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். ‘முகாம் கண்ட முன்னோடி’ என்று கொட்டை எழுத்தில் வேலுச்சாமி இருக்கிறார். கருப்பையா என்கிற என் பெயர் மைக் செட்டுக்காரருக்குக் கீழேகூட இல்லை.

ஆகவே இது வாழ்த்துரை இல்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். சிறுநீரைப் பற்றி நிறைய வரும். கூச்சப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

2

இங்கே ஈப்போவில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் கிளினிக் போகிறேன். வெள்ளனே போனால்தான் நம்பர் கிடைக்கும். எடை பார்ப்பார்கள், கையில் பட்டை சுற்றிக் காற்றடிப்பார்கள், விரலில் குத்துவார்கள், கால் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு பார்த்ததில்லை.

முதல் வருஷம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். இங்கே கார்டில் நம் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். கவுண்டரில் இருந்த பெண் கடைசியில் இருந்த பெயரைப் படித்து, “மாடசாமி, மாடசாமி” என்று கூப்பிட்டாள். மாடசாமி என் தகப்பனார். அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. அதே பெயரில் வேறு யாரோ இருக்கிறார் போலிருக்கிறது, கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாரே, என்ன மனுஷன் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மத்தியானம் கவுண்டரை மூடும்போதுதான் விஷயம் தெரிந்தது.

அடுத்த தடவை மலாய் நர்ஸ், ரத்தம் எடுக்க வேண்டும், புவாசா இருந்து வா என்றாள். புவாசா என்றால் நோன்பு. நான் இந்து, எனக்கு அதெல்லாம் கிடையாது என்றேன். இந்துவாக இருந்தாலும் புவாசாதான் என்றாள். மதத்தில் கை வைக்கிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் வேண்டுமென்றே ஐந்து இட்லி, சட்னி, ஒரு வாழைப்பழம் எல்லாம் முடித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு போய்க் கையை நீட்டினேன். ரிசல்ட்டைப் பார்த்த சீன டாக்டர் என்னை உட்காரவே விடவில்லை, நேரே கட்டிலில் படுக்கச் சொன்னார். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதைத்தான் அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று என் மனைவி முத்தம்மாள் விளக்கினாள். அவள் விளக்கிய விதத்தை இங்கே எழுத முடியாது.

இப்போது அந்தக் கிளினிக்கில் என்னைத் தெரியாத ஆளில்லை. புதிதாக வருகிற தமிழ் ஆட்களுக்கு எந்தக் கதவு, எந்தக் கவுண்டர் என்று நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கும் எங்கும் என் பெயர் எழுதவில்லை. போகட்டும்.

3

பத்து வருஷத்துக்கு முந்தி, தங்கை மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தேன். அடிவாரத்து வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறினோம். மலை ஏறி முடிப்பதற்குள் நாலு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டு வந்தேன். மூன்றாவது தடவை கண்டக்டர் கேட்டார்: “அண்ணாச்சி, வளைவுக்கு ஒண்ணுன்னு வேண்டுதலா?”

குளிர் என்றேன். “வத்தலக்குண்டுலயே குளிர ஆரம்பிச்சிருச்சாக்கும்” என்று முத்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிக்காரி. வாயில் கொய்யாப்பழம் இருந்தாலும் பேச்சு நிற்காது.

அப்போதே எனக்கு மூன்று சங்கதி இருந்தது. ஒன்று இது. இரண்டாவது, கல்யாணத்துக்கென்று வாங்கிய புது பூட்ஸ் கடித்த புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. மூன்றாவது, ஈப்போ வீட்டுக் குளியலறையில் வரிசை வைத்து எறும்பு. சர்க்கரையைச் சிந்தினாய் என்று முத்தம்மாளைத் திட்டினேன். குளியலறைக்குள் எவள் சர்க்கரை கொண்டு போவாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. நான் இரண்டு கடை நடத்துகிறவன்.

கல்யாணம் முடிந்த வாரம், கொடைக்கானல் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஜீப் வந்தது. ஒரு டாக்டர், ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள், கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்தார்கள். நான் மலேசியாவிலிருந்து வந்தவன் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “இந்த ஊரு ஆம்பளை ஒருத்தராவது எங்க ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்ததில்லங்க. நாலு பேரு கட்டில்ல தூக்கித்தான் கொண்டாருவாங்க. நடக்கும்போதே வந்தா ஏதாச்சும் செய்யலாம்.”

அடுத்த வாரம் வாருங்கள், எல்லா ஆம்பளையையும் நான் வரிசையில் நிறுத்துகிறேன் என்றேன். எனக்கு முன்னால் அந்த வாக்கைப் பூண்டியில் கொடுத்தவர் உண்டா? இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அது ஒன்று.

டீக்கடையில் பேச்சை ஆரம்பித்தேன். லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டுகிறீர்கள், குதிரை மேல் பொதி ஏற்றுவதற்கு முன்னால் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறீர்கள், உங்களை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“குதிரை வாய் பேசாது மச்சான், அதான் பாக்குறோம்” என்றார் வேலுச்சாமி. “நமக்கு ஒண்ணுன்னா நாமளே சொல்லிருவோம்ல.”

சும்மா இருக்கிறவன் டாக்டரிடம் போனால் இல்லாத சீக்கையும் எழுதி வைத்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மலேசியாவில் நான் வருஷம் தவறாமல் பார்க்கிறேன், என்னைப் பாருங்கள், எப்படி இருக்கிறேன் என்று மார்பைத் தட்டினேன். அது பொய். அதுவரை நான் டாக்டரை வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிற ஆள். ஆனால் நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய். கடைசியில், பெட்டியில் கொண்டு வந்திருந்த மூன்று டஜன் தலைவலித் தைலத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, முகாமுக்கு வருகிறவருக்கு ஆளுக்கு ஒன்று என்றேன். என்னையும் வேலுச்சாமியையும் சேர்த்து முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். தைலம் என் செலவு. அது இரண்டு.

4

முகாமுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா சிஸ்டர் அட்டைப்பெட்டியில் முப்பத்தொரு சின்னப் பாட்டில் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. “மார்னிங் எந்திரிச்சதும் ஃபர்ஸ்ட் யூரின். அவங்கவங்க பாட்டில்ல அவங்கவங்க. ப்ளீஸ், கரெக்டா குடுங்க” என்று தெளிவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பெட்டியை வேலுச்சாமி கையில் கொடுத்தார். அங்கேதான் காரியம் திசை மாறியது.

வேலுச்சாமி யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பூண்டியில் பூண்டு எடுத்ததும், மொத்த ஊர்ப் பூண்டுக்கும் சேர்த்து ஒரு பை சாம்பிள் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். அந்தப் பையை நிரப்புகிறவர் அவர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பார், கையில் வைத்து எடை பார்ப்பார், தோலை நகத்தால் சுரண்டுவார், மோந்து பார்ப்பார். பிறகு ஒரே ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பை எடுப்பார். வியாபாரி அந்தப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்து ஊருக்கே விலை சொல்வார். இருபது வருஷமாக அவர் கொடுத்த சாம்பிளை யாரும் திருப்பியதில்லை.

மறுநாள் காலை என்னைப் பூண்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். முப்பத்தொரு பாட்டிலும் மூடி திறந்து வரிசையாக இருந்தன.

“மச்சான், ஆளாளுக்குக் குடுத்தா தரம் கலந்து போகும். ஒருத்தன் சாராயம் குடிச்சிருப்பான், ஒருத்தன் காச்சல்ல கெடப்பான். கொடைக்கானல்காரங்க ஊரைப் பத்தி என்ன நெனப்பாங்க? சாம்பிள்னா ஒரே எடத்துல எடுக்கணும்.”

“மாப்ள, அந்தம்மா வேற மாதிரில்ல சொன்னாங்க?”

“அவங்களுக்குச் சந்தை தெரியுமா? ஊர்ல அத்தனை பேரையும் மனசுக்குள்ள எடை போட்டுப் பாத்துட்டேன். நெறம், கனம், தோல் பளபளப்பு, எதுல பாத்தாலும் உங்களை மிஞ்ச ஆளில்ல. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க. வெரசா முடிச்சீங்கன்னா அவனவன் சோலியப் பாக்கப் போவான்.”

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரைவிட்டு ஓடியவன் என்று சொன்ன அதே ஊர், தன் முதல் தரம் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எப்படி மாட்டேன் என்பது?

இருபது பாட்டில் ஒரே மூச்சில் நிரப்பினேன். வேலுச்சாமி பாட்டிலை மாற்றி மாற்றி நீட்டியே களைத்துப்போனார். “மலேசியா மலேசியாதான்” என்றார். இரண்டு டம்ளர் டீ குடித்தேன், அரை மணி நேரத்தில் மீதி பதினொன்று. அந்தக் குளிரில், அந்த வயதில், வேறு யாரால் முடியும்? அது மூன்று.

5

அந்தக் காலத்துச் சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்து ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் என்றால் முற்றிவிட்டது.

முதல் குழாய் செங்கல். சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். இரண்டாவது செங்கல். மூன்றாவது, நான்காவது செங்கல். ஐந்தாவதும் செங்கல் ஆனதும், மருந்து கெட்டுவிட்டதோ என்று வெறும் தண்ணீரை விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். அது நீலமாக, சாதுவாக இருந்தது. ஆறாவது செங்கல். பதினைந்தாவதில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தொன்று முடிந்தபோது பள்ளிக்கூட மேஜை ஒரு செங்கல் சூளை மாதிரி இருந்தது.

“இந்த ஊர்ல என்னதான் சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டார். கேரட், உருளைக்கிழங்கு என்றார்கள். கேரட் இனிக்கத்தானே செய்கிறது என்று ஒருவர் துப்புக் கொடுத்தார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். தன் சர்வீஸில் இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை, மேலே எழுதப் போகிறேன், திங்கட்கிழமை முப்பத்தொரு பேருக்கும் மாத்திரையோடு வருகிறேன், அதுவரை சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

வேலுச்சாமி என் காதோரம் வந்தார். “மச்சான், தோலப் பாத்து எடுத்துட்டேன். உள்ளுக்குள்ள இப்படிக் கெடக்குன்னு தெரியாமப் போச்சு.”

அந்த நாலு நாள் பூண்டியில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். நன்றாக இருந்தவர்களெல்லாம் சுவரைப் பிடித்து நடந்தார்கள். நிச்சயம் ஆகியிருந்த ஒருவரின் மாமனார் பக்கத்து ஊர் கவுஞ்சியிலிருந்து வந்து, எதுவும் கேட்காமல், மாப்பிள்ளையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போனார். பெயர் கொடுத்தவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரவர் தன் பாட்டிலை நான் நிரப்பினேன் என்பதை மறந்தே போய், உண்மையிலேயே தனக்குச் சர்க்கரை வந்துவிட்டதாக நம்பிவிட்டார்கள். எழுதியிருந்த பெயருக்கு அவ்வளவு பலம்.

முத்தம்மாள் மட்டும் நம்பவில்லை. “முப்பத்தோரு பேருக்கும் ஒரே நாள்ல சக்கரை வருமா? பாட்டில நெரப்புனது யாரு?” என்றாள். சொன்னேன். என் காலில் சுற்றியிருந்த துணியைக் குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியல.”

அதோடு அவள் விடவில்லை. “திங்கக்கெழமை நல்லா இருக்குறவனுக்கெல்லாம் அந்த மாத்திரையக் குடுத்து, எவனாச்சும் காட்டுல மயங்கி விழுந்தா? ஒங்க பெருமைக்கு முப்பது வீட்டுத் தாலியா?”

திங்கட்கிழமை ஜீப் வந்தது. மாத்திரைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து நின்றேன். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேர் முன்னாலும், எல்லாப் பாட்டிலையும் நிரப்பியது நான்தான் என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “முப்பத்தொண்ணுமா?”

“ஆமாங்க.”

“ஒரே ஆளா?”

“ஆமாங்க. ஒரே காலையில.”

“அப்ப உங்களுக்கு டெஸ்ட்டே வேண்டாங்க” என்றார். “சக்கரை இல்லாதவனால இது முடியாது.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வேலுச்சாமி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். பிறகு சிஸ்டர் புதுப் பாட்டில்களோடு பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக அனுப்பினார். இருபத்தொன்பது நீலம். ஒன்று செங்கல், அது நான். ஒன்று பச்சை, அது வேலுச்சாமி. அவர் சிரிப்பு அங்கே நின்றது.

டாக்டர் என் கால் துணியை அவிழ்த்துப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பாதத்தை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அந்தக் காலோடுதான் இன்றைக்கும் கடைக்கு நடந்து போகிறேன்.

அடுத்த வருஷம் தைலம் இல்லாமலே நாற்பது பேர் வந்தார்கள். ஏன்? தன் பாட்டிலைத் தான் நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். அவனவன் பாட்டிலை அவனவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தானாம். எந்த டாக்டர் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது. எழுந்து நின்று சொன்னேனே, அதுதான் நான்கு.

6

என் பெயர் ஏன் இல்லை என்று வேலுச்சாமிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. ‘மச்சான், உங்கள் பெயரைப் போட்டால் அந்தக் கதையையும் சொல்ல வேண்டி வரும். வெளியூர் ஆட்கள் வருகிற விழா. உங்கள் கௌரவத்தை நினைத்துத்தான் விட்டுவிட்டோம். உங்கள் தங்கச்சியும் அதையே சொன்னாள்.’

மரியாதைக்காகத்தான் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகன் செல்வம் கோலாலம்பூரில் பதினாலாவது மாடியில் குடியிருக்கிறான். முப்பத்திரண்டு வயது, பெரிய கம்பெனியில் உத்தியோகம். அவன் பிள்ளைகள் என்னிடம் இங்கிலீஷில் பேசும், நான் தமிழில் பதில் சொல்வேன், நடுவில் டிவி பேசிக்கொண்டிருக்கும். போன மாதம் போயிருந்தேன். சாப்பிட உட்கார்ந்து எழுவதற்குள் மூன்று தடவை எழுந்து போனான். பக்கத்தில் பெரிய தண்ணீர்ப் பாட்டில். போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

டெஸ்ட் பண்ணு என்றேன். “ப்பா, நான் டெய்லி ஜாகிங் போறேன். ஐ’ம் ஃபைன்” என்றான். நான் யார் தெரியுமா, ஒரு ஊருக்கே முகாம் வைத்தவன் என்று சொல்லி, சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரல் வைத்து மேலிருந்து கீழே வரை படித்தான்.

“ஒங்க பேரே இல்லியே ப்பா” என்றான். சிரித்துவிட்டு மறுபடியும் எழுந்து போனான்.

அந்த வீட்டுக் குளியலறையைப் போய்ப் பார்த்தேன். தரை கண்ணாடியாகப் பளபளக்கிறது. பதினாலாவது மாடிக்கு எறும்பு ஏறாது. எனக்கு எறும்பு இருந்தது, முத்தம்மாள் இருந்தாள், என்னை முதல் தரம் என்று நம்பிய ஒரு ஊரும் இருந்தது. அவனுக்கு யார் சொல்வது?

ஆகவே மலர்க்குழுவினருக்குச் சொல்லிக்கொள்கிறேன். நோட்டீஸைத் திரும்ப அச்சடியுங்கள். வேலுச்சாமி பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். வாக்குக் கொடுத்ததும், தைலம் கொடுத்ததும், பாட்டில் நிரப்பியதும், எழுந்து நின்று ஒப்புக்கொண்டதும் கருப்பையா என்று போடுங்கள். முப்பத்தொன்றும் செங்கல் நிறம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வார்த்தையாக இருக்கட்டும். எனக்கு ஒரு பிரதி போதும். இன்னொன்றை நேரே அவன் விலாசத்துக்கு அனுப்புங்கள். விலாசம் வேலுச்சாமியிடம் இருக்கிறது.

அவன் பெயர் ஒட்டிய ஒரு பாட்டில் நான் வாங்கி வைத்திருக்கிறேன். இத்தனை கட்டினேன், ஊருக்கே நிரப்பிக் கொடுத்தேன், அந்த ஒன்றை மட்டும் என்னால் நிரப்ப முடியாது. சீக்கிரம் அச்சடியுங்கள்.